வேலூரும் ஆம்பூரும் ஒரே ஊர் ஆகுமா?

ஒரு பக்கம் ஆஸ்பத்திரி, ஒரு பக்கம் ஷூ கம்பெனி; நடுவில் 50 கிலோமீட்டர்!

மாலை நேரம். ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் விடுகின்றன. கேட் திறந்ததுதான் தாமதம், பெண்கள் சாரிசாரியாக வெளியே வருகிறார்கள். கையில் டிபன் பாக்ஸ், தோளில் பை. வாசலில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்று பேரணாம்பட்டு, ஒன்று குடியாத்தம், ஒன்று மாதனூர் பக்கம். இடம் பிடித்து உட்கார்ந்த மறு நிமிடமே பாதிப் பேருக்குத் தூக்கம் வந்துவிடும்.

அதே நேரத்தில் வேலூரில் வேறு ஒரு கூட்டம். சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் அப்பாவைக் காட்ட வந்தவர், காலேஜில் படிக்கும் பையன், கோர்ட் வேலையாக வந்தவர். எல்லோரும் ஆம்பூர் பஸ்சுக்குக் காத்து நிற்கிறார்கள்.

இரண்டு கூட்டமும் ஒரே சாலையில் எதிரும் புதிருமாகப் போகின்றன. இதைத் தினமும் பார்க்கிறவர்கள், "ரெண்டு ஊரும் ஒண்ணாயிடும்பா, பார்த்துக்கினே இரு" என்கிறார்கள்.

ஒன்றாகுமா? சென்னை பக்கத்து ஊர்களை எல்லாம் விழுங்கியதுபோல வேலூர் ஆம்பூரை விழுங்குமா? அல்லது தோல் தொழில் செழித்து, ஆம்பூர் வேலூர் வரை கையை நீட்டுமா? டீக்கடை பெஞ்சிலும் ரியல் எஸ்டேட் ஆபீசிலும் அடிக்கடி கிளம்பும் பேச்சு இது.

சேரும் என்பவர்களின் கட்சி

சேரும் என்று சொல்கிறவர்களின் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை.

முதலில் பூமியைப் பாருங்கள். ஒரு பக்கம் ஜவ்வாது மலை. மறு பக்கம் ஆந்திர எல்லையை ஒட்டிய மலைகள். நடுவில் பாலாறு. வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை ஊர்கள் எல்லாம் இந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன. அகலவாக்கில் வளர மலை விடாது. நீளவாக்கில்தான் வளர வேண்டும். அந்த நீளவாக்கில்தான் சென்னை-பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையும் ஓடுகிறது.

அடுத்து தண்ணீர். பாலாறு பேருக்கு ஆறு. 2021 நவம்பர் வெள்ளம் போல எப்போதாவது கரை புரண்டு வரும். மற்ற நாளில் மணல்தான். அதனால் வேலூரும் ஆம்பூரும் மேட்டூர் காவிரித் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கின்றன. இரண்டு ஊருக்கும் ஒரே கூட்டுக் குடிநீர்த் திட்டம். குழாய் என்றைக்கோ ஒன்றாகிவிட்டது.

ஓட்டும் அப்படித்தான். பாராளுமன்றத் தேர்தல் என்றால் ஆம்பூர் சட்டமன்றத் தொகுதி வேலூர் தொகுதியில் அடக்கம். வாணியம்பாடியும் அதில்தான். ஆஸ்பத்திரிக்கு வேலூர், எம்.பி.க்கு வேலூர், பல்கலைக்கழகத்துக்கும் வேலூர் பக்கத்துத் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். "அப்புறம் என்னங்க பாக்கி?" என்று கேட்பார்கள் இந்தக் கட்சிக்காரர்கள்.

பாக்கி நிறைய இருக்கிறது.

2019-ல் விழுந்த கோடு

1911-ல் வடஆற்காடு மாவட்டத்தின் தலைநகர் சித்தூரிலிருந்து வேலூருக்கு வந்தது. அன்றிலிருந்து நூறு வருஷத்துக்கும் மேலாக ஆம்பூர்க்காரர் கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் வேலூர் வண்டி ஏறினார். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது. அப்போதும் ஆம்பூர் வேலூரோடுதான் இருந்தது.

2019 ஆகஸ்ட் 15 அன்று, சுதந்திர தின உரையில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்படும் என்று அறிவித்தார். அந்த நவம்பர் கடைசியில் திருப்பத்தூர் மாவட்டமும் ராணிப்பேட்டை மாவட்டமும் பிறந்தன. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. பள்ளிகொண்டா வேலூரில் நின்றது. அதற்கு அடுத்த மாதனூர் திருப்பத்தூர் மாவட்டம் ஆனது.

ஆக, வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே ஒரு மாவட்டக் கோடு. சட்டா, பட்டா, ரேஷன், ஆதிதிராவிடர் நல விடுதி, போலீஸ் எஸ்.பி. எல்லாமே தனித்தனி. ஆம்பூர்க்காரருக்குக் கலெக்டர் ஆபீஸ் இப்போது வாணியம்பாடி தாண்டித் திருப்பத்தூரில். தூரம் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். வேலூரை விடக் கொஞ்சம் கம்மி. ஆனால் உடம்புக்கு முடியவில்லை என்றால் வண்டி வேலூர் பக்கம்தான் திரும்புகிறது.

கோடு விழுந்துவிட்டதே, இனி சேரவே முடியாதா? சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் பெருநகரப் பகுதிக்கு ஓர் இலக்கணம் வைத்திருக்கிறது. ஜனத்தொகை 10 லட்சம் இருக்க வேண்டும்; அது ஒரு மாவட்டத்தில் இருக்கலாம், பல மாவட்டங்களிலும் பரவி இருக்கலாம். கோடு தடை இல்லை. தலைதான் போதவில்லை. 2011 கணக்கெடுப்பில் வேலூரும் அதை ஒட்டிய ஊர்களும் சேர்த்து சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம் பேர். ஆம்பூர் நகரம் 1 லட்சத்து 14 ஆயிரம். கூட்டிப் பார்த்தால் ஆறு லட்சம் தேறும்.

வேலூர் சேர்ந்த கதை

வேலூருக்கு ஊர் சேர்ப்பது புதிதல்ல. 2008 ஆகஸ்டில் அது மாநகராட்சி ஆனது. பெயர்தான் மாநகராட்சி, காட்பாடி ரயிலடி அதில் இல்லை. "வேலூர் போறேன்" என்று ரயிலில் வந்தவர் இறங்கியது வேறு ஓர் ஊரின் எல்லையில். கலெக்டர் ஆபீஸ் இருந்த சத்துவாச்சாரியும் தனி நகராட்சி. மாவட்டத் தலைநகர் வேலூர், கலெக்டர் உட்கார்ந்தது சத்துவாச்சாரி. வேடிக்கை அல்லவா!

2011-ல் இந்த வேடிக்கை முடிந்தது. சத்துவாச்சாரி, காட்பாடி, தாராபடவேடு, தொரப்பாடி, அல்லாபுரம், கொணவட்டம் என்று சுற்றுப்பட்டு ஊர்கள் மாநகராட்சிக்குள் வந்தன. 60 வார்டு. பரப்பு சுமார் 87 சதுர கிலோமீட்டர்.

இவை எல்லாம் ஏற்கனவே ஒட்டிக்கொண்டிருந்த ஊர்கள். எது வேலூர், எது சத்துவாச்சாரி என்று போர்டைப் பார்த்தால்தான் தெரியும். வீடு முதலில் சேர்ந்தது. காகிதம் அப்புறம் சேர்ந்தது. ஆம்பூர் விஷயம் அப்படி இல்லை. கொணவட்டம் தாண்டி, செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தைக்குப் பேர்போன பொய்கை தாண்டி, பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி, மாதனூரும் போன பிறகுதான் ஆம்பூர். நடுவில் நெல்லும் கரும்பும் தென்னையும். புவிசார் குறியீடு வாங்கிய வேலூர் முள்ளுக்கத்தரிக்காய் விளையும் இலவம்பாடியும் இந்தப் பக்கத்து ஊர்தான். அந்தக் கத்தரிக்காய் இல்லாமல் ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள என்ன செய்வது என்பது வேறு கவலை!

ஒருவர் கிழக்கே, ஒருவர் மேற்கே

இன்னொரு சங்கதி. இரண்டு ஊரும் வளர்கின்றன, உண்மை. ஒருவரை ஒருவர் பார்த்து வளரவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு வளர்கின்றன.

வேலூரின் முகம் கிழக்கே. சி.எம்.சி. ஆஸ்பத்திரி தன் புதிய பெரிய வளாகத்தை 2022-ல் எங்கே திறந்தது? ராணிப்பேட்டை மாவட்டத்தில், சென்னை போகும் சாலையில். மேல்விஷாரம், ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜா என்று அந்தப் பக்கம் ஊர்கள் நெருக்கம் நெருக்கமாக இருக்கின்றன. ஆற்காடு வெறும் 25 கிலோமீட்டர். ஆற்காட்டுக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவே பாலாற்றுப் பாலம் மட்டும்தான். அங்கேயும் 2019-ன் கோடு உண்டு. ஆஸ்பத்திரி அந்தக் கோட்டைத் தாண்டித்தான் போய் உட்கார்ந்திருக்கிறது. 1856-ல் தென்னாட்டின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வந்து நின்றதும் இந்த வாலாஜா ரோட்டில்தான். பெரிய கம்பெனிகள் வருவதும் இந்தப் பக்கம்தான். டாட்டா மோட்டார்ஸ் கார் தொழிற்சாலைக்கு 2024-ல் அடிக்கல் நாட்டியது ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்தில்.

ஆம்பூரின் முகம் மேற்கே. வாணியம்பாடி 20 கிலோமீட்டர்கூட இல்லை. ஒரே மாவட்டம், ஒரே தொழில். தமிழும் உருதும் கலந்து பேசும் கடைத்தெரு இரண்டிலும் ஒரே மாதிரி. வடக்கே துத்திப்பட்டு, பெரியவரிகம், சோமலாபுரம் என்று ஊராட்சிகளுக்குள்ளும் தொழிற்சாலைகள் புகுந்துவிட்டன. யாராவது யாரோடாவது சேருவதென்றால், ஆம்பூர் வாணியம்பாடியோடும், வேலூர் ஆற்காடு-ராணிப்பேட்டையோடும் சேருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். வேலூர்-ஆம்பூர் ஜாதகம் பொருந்தவில்லை.

சாலையும் அதற்குத் துணை. சென்னை-பெங்களூரு புதிய அதிவேகச் சாலை ராணிப்பேட்டைப் பக்கம் வந்து, சித்தூர் மாவட்டத்துக்குள் திரும்பிவிடுகிறது. ஆம்பூரை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ரயில் பாதையாவது நேராக இருக்கிறதா? அதுவும் இல்லை. வேலூர் டவுனை விட்டுக் காட்பாடியில் கிளம்பி, லத்தேரி, குடியாத்தம், மேல்பட்டி, பச்சகுப்பம் என்று சுற்றி ஆம்பூருக்கு வருகிறது.

தோல் போட்ட முடிச்சு

ஆனாலும் இந்த இரண்டு ஊரையும் கட்டிப் போட்டிருக்கும் முடிச்சு ஒன்று உண்டு. அது தோல். இந்த முடிச்சில் பணமும் இருக்கிறது, பாவமும் இருக்கிறது.

ஒரு காலத்தில் இங்கே ஆவாரம்பட்டை போட்டுத் தோலைப் பதப்படுத்தி, பாதி பதத்திலேயே வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே செருப்பு தைத்து லாபம் பார்த்தார்கள். 1970-களில் மத்திய அரசு, பாதிப் பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. "முழுசாகச் செய்து அனுப்பு" என்றது. அதன் பிறகுதான் டேனரிகளுக்குப் பக்கத்தில் ஷூ கம்பெனிகள் மளமளவென்று எழுந்தன. தோலை ஊறவைத்துச் சுரண்டும் வேலையில் ஆண்கள். அப்பர் தைக்கும் மெஷினில் பெண்கள். குடியாத்தத்திலிருந்தும் மாதனூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் பெண்கள் பஸ் ஏறி வர ஆரம்பித்தது இப்படித்தான். வயல் வேலைக்குப் போன தாயின் மகள் ஐரோப்பாவுக்குப் போகிற ஷூவைத் தைக்கிறாள்.

பாவம் என்பது கழிவுநீர். டேனரித் தண்ணீர் பாலாற்று மணலில் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்தது. தென்னை காய்ந்தது. வேலூர் மக்கள் நல மன்றம் 1991-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் தீர்ப்பு வந்தது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10 ஆயிரம் ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு நிலையம் இல்லாவிட்டால் மூடு. கெடுத்தவனே ஈடு கட்டு. அந்தத் தீர்ப்பை இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக நடத்துகிறார்கள்.

தீர்ப்பு பாடமானது, நஷ்ட ஈடு எல்லோருக்கும் முழுசாகப் போய்ச் சேரவில்லை. வழக்கு மறுபடியும் டெல்லி போனது. 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் மீண்டும் உத்தரவு போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு மீதிப் பணத்தை ஆறு வாரத்தில் அரசு கொடுக்க வேண்டும், அதை டேனரிகளிடம் வசூலித்துக்கொள்ளலாம், ஆற்றைக் கண்காணிக்கக் குழு வேண்டும் என்றது. முதல் தீர்ப்பு வந்தபோது கைக்குழந்தையாக இருந்தவருக்கு அப்போது வயது முப்பதை நெருங்கியிருந்தது.

இங்கேதான் சேர்க்கைப் பேச்சுக்கு உண்மையான அர்த்தம் வருகிறது. ஆற்றுக்கு மாவட்டக் கோடு தெரியாது. வாணியம்பாடியில் விட்டது ஆம்பூருக்கு வரும். ஆம்பூரில் விட்டது பள்ளிகொண்டாவுக்கு வரும். அது வேலூர், ராணிப்பேட்டை என்று இறங்கிக்கொண்டே போகும். ஒரே ஆற்றுக்கு இப்போது மூன்று கலெக்டர்கள். 2019-க்கு முன் ஒரே மேஜையில் இருந்த ஃபைல் இன்று மூன்று மேஜையில் கிடக்கிறது. ஊரைச் சேர்க்காவிட்டாலும் போகட்டும், ஆற்றுக்காவது ஓர் அதிகாரி வேண்டும் என்று கேட்பதில் தப்பு இல்லை.

சேர்ந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள்?

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். ஹூப்ளி, தார்வாட் இரண்டும் 20 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஊர்கள். ஒன்று வியாபார ஊர், ஒன்று படிப்பு ஊர். 1962-ல் இரண்டையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கினார்கள். என்ன ஆனது? பணமெல்லாம் ஹூப்ளிக்கே போகிறது என்று தார்வாட் மக்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். முணுமுணுப்பு போராட்டமானது. 2025 ஜனவரியில் கர்நாடக மந்திரிசபை தார்வாடுக்குத் தனி மாநகராட்சி என்று முடிவு எடுத்தது. அறுபது வருஷத் தாம்பத்தியம் பாகப்பிரிவினைக்கு வந்துவிட்டது!

நம் பக்கத்தில் சிவகாசி வேறு மாதிரி. பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் செய்யும் சிவகாசியோடு பக்கத்துத் திருத்தங்கலைச் சேர்த்து 2021-ல் மாநகராட்சி ஆக்கினார்கள். அவை ஒட்டிய ஊர்கள். வெளிநாட்டில் புடாபெஸ்ட் இருக்கிறது. ஆற்றின் அக்கரையில் புடா, இக்கரையில் பெஸ்ட். 1849-ல் பெரிய தொங்கு பாலம் திறந்தார்கள். 1873-ல் ஊர்கள் சேர்ந்தன. பாலத்துக்கும் சேர்க்கைக்கும் நடுவே 24 வருஷம். ஆற்காடும் ராணிப்பேட்டையும் இந்தக் கணக்கைக் கவனிக்கலாம். ஆம்பூருக்கு இது பொருந்தாது. 50 கிலோமீட்டர் தூரத்தைப் பாலம் கட்டி ஒட்ட முடியாது.

நடுவில் இருப்பவர் என்ன சொல்கிறார்?

இரண்டு பெரிய ஊர்களும் சேருமா என்று பேசுகிறவர்கள், நடுவில் இருக்கும் சின்ன ஊர்களைக் கேட்பதில்லை. பொய்கைக்காரரிடமும் மாதனூர்க்காரரிடமும் கேட்டால் முதலில் வருவது சந்தோஷம் அல்ல, கணக்கு.

ஊராட்சி நகரத்தில் சேர்ந்தால் நூறு நாள் வேலை என்று ஜனங்கள் பழகிவிட்ட ஊரக வேலைத் திட்டம் போய்விடும். அது கிராமத்துக்கு மட்டும்தான். வீட்டு வரி ஏறும். 2022-ல் நகரங்களில் சொத்து வரியைக் கால் பங்கிலிருந்து ஒன்றரை மடங்கு வரை கூட்டினார்களே, அந்த நினைப்பு இன்னும் போகவில்லை. வீடு கட்ட பிளான் அனுமதிக்கு டவுனுக்கு அலைய வேண்டும். 2025 ஜனவரியில் பல ஊராட்சிகளை நகரங்களோடு சேர்க்க அரசு அறிவிப்பு வெளியிட்டபோது, தமிழ்நாட்டில் ஊர் ஊராக எதிர்ப்பு கிளம்பியது இதற்காகத்தான். "எங்க ஊர் எங்களுக்கே இருக்கட்டும் சார்" என்று மனு கொடுத்தார்கள்.

இதற்கு மறு பக்கமும் உண்டு. ரோட்டோரத்தில் நாலு சென்ட் வைத்திருப்பவர், டவுன் வந்தால் விலை ஏறும் என்று காத்திருக்கிறார். சாக்கடை, தெருவிளக்கு, குப்பை வண்டி வரும் என்று ஆசைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த நாலு சென்ட் இல்லாதவர்தான் கம்பெனி பஸ்சில் அதிகம்.

பஸ் என்றதும் ஒரு விஷயம். 2021 மே மாதம், அரசு சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று அறிவித்தார்கள். வேலூர்-ஆம்பூர் நெடுஞ்சாலையில் ஓடும் நீண்ட தூர பஸ் அந்தக் கணக்கில் வரவில்லை. ஒரே மாநகரமாக இருந்தால் டவுன் பஸ் விட வேண்டி வரும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு மாதம் இரண்டு தடவை வேலூர் போகும் பெண்ணுக்கு, மாநகரம் என்றால் அவ்வளவுதான்: கையில் மிஞ்சும் பஸ் காசு. அதற்கு மாநகராட்சியே தேவையில்லை. ஆம்பூரிலிருந்து பள்ளிகொண்டா, பள்ளிகொண்டாவிலிருந்து வேலூர் என்று டவுன் பஸ்களை நேரம் பார்த்து இணைத்து விட்டாலே போதும். மாவட்டக் கோட்டைத் தாண்டி டவுன் பஸ் போகக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அடுத்த ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். அதில் வேலூரும் வளர்ந்திருக்கும், ஆம்பூரும் வளர்ந்திருக்கும். வேலூர் கிழக்கே எவ்வளவு நகர்ந்தது, ஆம்பூர் வாணியம்பாடியை எவ்வளவு நெருங்கியது என்று அப்போது கணக்குத் தெரியும். நடுவில் உள்ள மாதனூர் அப்போதும் ஊராட்சியாகவே இருக்கும் போலிருக்கிறது. இருட்டிய பிறகு கம்பெனி பஸ் அங்கே நிற்கும். தூங்கிக்கொண்டிருப்பவளைப் பக்கத்து சீட்டுக்காரி தட்டி எழுப்புவாள்: "ஏய், ஊரு வந்துடுச்சு, எழுந்திரு."